வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கட்டும்



இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெயரும் ஊரும் இல்லாதவை சில உண்டு. அத்தகையவற்றை ஒதுக்கிவிடுவது பத்திரிகை வழக்கம். ஆயினும், பெயரெழுத அஞ்சுகிறார் என்பதே சில கடிதங்களின் பாதிப் பொருளாகும். இம்மாதம் எடுத்துக்கொண்டது அத்தகைய ஒன்று. எழுதியவர் ஒரு தாய். மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். அவன் நடையும் பேச்சும் பெண்பிள்ளையைப் போலிருக்கின்றன என்று வகுப்பில் ஏளனம். பையன்கள் ஒரு பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றும் கூவுகிறார்கள். மூன்று வாரமாக அவன் பள்ளிக்குப் போகவில்லை. கேட்டால் வயிற்றுவலி என்கிறான். தந்தை இருமுறை அடித்துவிட்டார். "படித்தது போதும், திருப்பூரில் மாமனோடு பனியன் கம்பெனிக்குப் போகட்டும்" என்கிறார் அவர். தாய் கேட்பது ஒன்றே: "இவனை மாற்ற எங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும், ஐயா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுவதற்காக எங்கும் கூட்டிச் செல்லவேண்டாம். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தாய் தந்தை இருவரும் உடன் செல்லுங்கள். ஏன் இதையே முதலில் சொல்கிறேன் என்பதற்கு இனிக் காரணம் கூறுகிறேன்.

அப்பிள்ளை யார் என்பதை நாம் யாரும் இன்னும் அறியோம். ஓர் ஆண்பிள்ளையின் நடையில் மென்மை இருப்பது ஒன்று. தன் பாலாரிடமே மனம் ஈர்க்கப்படுவது வேறொன்று. ஆணுடலோடு பிறந்து தன்னைப் பெண்ணாகவோ, பெண்ணுடலோடு பிறந்து தன்னை ஆணாகவோ உணர்வது பிறிதொன்று. பிறக்கும்போதே உடலமைப்பு ஆண், பெண் என்னும் இரண்டனுள் அடங்காதிருப்பது இன்னுமொன்று. இந்நான்கையும் ஒரே வசைச்சொல்லில் கட்டிப்போடுவது நம் ஊர்வழக்கம். தன்பாலீர்ப்பு உடையோர், இருபாலீர்ப்பு உடையோர், திருநங்கையர், திருநம்பியர், இடைப்பால் உடலினர் என்று மதிப்புள்ள சொற்கள் இன்று தமிழில் வழங்குகின்றன. ஆனால் அச்சொற்களையும் எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் ஒட்ட நாம் விரையவேண்டியதில்லை. அக்காளோடு உட்கார்ந்து கோலம் போடும் சிறுவன் வளர்ந்து மணமுடித்து நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையாவதும் உண்டு. ஊரே வியக்கும் சண்டியனாய்த் திரியும் இளைஞன் தன்பாலீர்ப்பை எவருக்கும் சொல்லாமல் நெஞ்சுக்குள் புதைத்து வைத்திருப்பதும் உண்டு. பதினான்கு வயதில் அவனுக்கே தன்னைப் பற்றித் தெரியாதிருக்கலாம். தெரிந்தும் சொல்ல அஞ்சலாம். அவன் சொல்லும் நாள் வரும்வரை அவன் மகன், மாணவன், தம்பி. அந்தப் பெயர்களே போதும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். இவ்வகைத் துன்பம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதென்று எண்ணிவிடவேண்டாம். பெண்பிள்ளைகளின் துன்பம் தெருவில் கேட்பதில்லை, வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ள விரும்பும் பெண்ணையும், ஒரு தோழியிடம் அளவுக்குமேல் பற்றுக்கொண்டாள் என்று ஐயுறப்படும் பெண்ணையும் எவரும் பட்டப்பெயர் சொல்லிக் கூவுவதில்லை. படிப்பை நிறுத்தி, கைப்பேசியைப் பிடுங்கி, அவசரமாக வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். திருமணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியோர் சொல்லும்போது, மறுபக்கத்தில் ஒன்றுமறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளை இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவர் துன்பத்தை இருவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும், இரண்டு குடும்பங்களைப் பகையாக்குவதுமே அத்திருமணம் கண்ட பலன்.

தமிழாசிரியர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தகையோரைக் கிராமங்களில் 'அது' என்று சுட்டுகிறார்கள். 'அது வருது, அது போகுது' என்பது காதாரக் கேட்கும் பேச்சு. நம் இலக்கணம் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆணும் பெண்ணும் என்ற பகுப்புக்குள் அடங்காதவரைக் குறிக்கும் பெயர்க்குத் தனியாக ஓர் ஈறு கிடையாது என்றும், அது உயர்திணைக்குரிய ஈறு கொண்டே முடியும் என்றும் விதித்துவிட்டார். அஃறிணைக்கு அவர்களைத் தள்ள அவருக்கு மனமில்லை. அவ்விலக்கணத்தைப் பாடமாக நடத்திவிட்டு, மணியடித்ததும் தாழ்வாரத்தில் 'அது' என்று சுட்டிச் சிரிக்கும் ஆசிரியர், தாம் நடத்திய பாடத்தைத் தாமே அழிக்கிறார்.

இனிப் பள்ளியைப் பார்ப்போம். இவ்விஷயத்தில் வெறும் அனுமானத்தால் பேசவேண்டிய நிலை இன்று இல்லை. யுனெஸ்கோ நிறுவனமும் சென்னையிலுள்ள சகோதரன் அமைப்பும் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடத்தின. அதன் அறிக்கை 2019-ஆம் ஆண்டில் பரவலாகப் பேசப்பட்டது. இத்தகைய இளைஞர் 371 பேரிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படித்தபோது அடியும் உதையும் பட்டதாக 60 சதவீதத்தினர் கூறினர். தொடக்கப் பள்ளியில் இருந்தபோதே பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 43 சதவீதத்தினர் கூறினர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத குழந்தைகள் என்பதை நினைவில் வையுங்கள். அடிபட்டவர்களுள் பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர் 18 சதவீதத்தினரே. மூவரில் ஒருவர், தாம் படிப்பை நிறுத்தியதற்கு இத்துன்பமே பெருங்காரணம் என்றார்.

இவற்றுள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது அந்தப் பதினெட்டு என்னும் எண். நூறு பேர் அடிபட்டால் எண்பத்திரண்டு பேர் வாய்திறப்பதில்லை. ஏன் திறக்கவில்லை என்பதை ஊகிப்பது கடினமன்று. முறையிடச் செல்லும் பிள்ளை, "உன்னை என்ன சொல்லிக் கேலி செய்தார்கள்?" என்ற கேள்விக்கு விடை சொல்லியாகவேண்டும். அந்த வசையைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொன்னபின், "நீ ஏன் அப்படி நடக்கிறாய்? ஒழுங்காய் இருந்தால் எவன் கேலி செய்யப்போகிறான்?" என்ற அறிவுரை கிடைக்கும். திருட்டுக் கொடுத்தவனிடமே, "நீ ஏன் பொருள் வைத்திருந்தாய்?" என்று கேட்பது போன்றது இது.

வயிற்றுவலி என்று அம்மகன் சொல்வதைப் பொய்யென்று தள்ளவேண்டாம். ஏளனத்துக்கு ஆளாகும் பையனுக்குப் பள்ளியிலேயே அச்சமூட்டும் இடம் கழிப்பறை. அங்கே ஆசிரியர் கண் படாது. ஆகவே சில பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை அப்பக்கமே போவதில்லை. போகாதிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதில்லை. அவ்வாறு அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பும் அடிவயிற்றில் வலியும் வருவது மருத்துவர் எவரும் சொல்லக்கூடியதே. ஆதலால் தாயே, "உனக்கு என்னடா வந்தது?" என்று கேட்பதை விட்டு, "பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாயா? எந்த நேரத்தில் ஒன்றுக்குப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரிய கேள்விக்கு வாய்திறவாத பிள்ளை இந்தச் சிறிய கேள்விக்குச் சொல்லிவிடுவான்.

தலைமையாசிரியர்களும், பள்ளி நடத்தும் அருள்தந்தையரும் அருள்சகோதரியரும் செய்யக்கூடியவை பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. ஆசிரியர் கழிப்பறையின் சாவியை அப்பிள்ளைக்கு அளிக்கலாம். காரணம் சொல்லாமல், அறிவிப்பில்லாமல் அளிக்கவேண்டும். உடற்பயிற்சிப் பாடவேளையில் உடைமாற்ற ஒரு மறைவிடம் தரலாம். முடிவெட்டு விதியை ஒரு பிள்ளையை மட்டும் குறிவைத்து, வழிபாட்டுக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி நிறைவேற்றும் பழக்கத்தை விட்டொழிக்கலாம். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒருசேர அழைத்துச் சமாதானம் பேசுவதைத் தவிர்த்து, அடித்தவனின் செயலுக்கு மட்டும் தண்டனை கொடுக்கலாம். பேருந்தில் கூடவரும் நல்ல மனமுள்ள மாணவர் இருவரிடம் தனியே சொல்லி, அவனருகில் உட்காரச் செய்யலாம். ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்வு பெரும்பாலும் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதிலேயே தங்கியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட முதன்மையானது ஆசிரியரின் நாக்கு. வகுப்பில் ஆசிரியர் ஒருமுறை, "ஆம்பிளையாய் நட" என்று சொல்லிச் சிரித்தாரானால், அன்று முதல் அவ்வகுப்பிலுள்ள ஐம்பது பேருக்கும் உரிமம் கிடைத்துவிடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்துக்குப் பெண்வேடம் கட்ட அதே பிள்ளையைத் தேடிப் பிடிப்பார்கள். அன்று கைதட்டும் கூட்டம், மறுநாள் காலை அந்த வேடத்தின் பெயராலேயே அவனைக் கூவி அழைக்கும். மேடைக்கு அவன் தேவை; வகுப்புக்கு அவன் தேவையில்லை என்றால் என்ன நியாயம்?

ஓர் எச்சரிக்கை. ஒரு மாணவன் நம்பிக்கையோடு தன் நிலையை ஆசிரியரிடம் கூறினால், அதை அவன் வீட்டாருக்கும் சக ஆசிரியர்களுக்கும் தெரிவிப்பது தம் கடமையென்று சிலர் விரைகிறார்கள். நல்லெண்ணமே, ஆயினும் விளைவு கொடிதாகலாம். அச்செய்தி எட்டிய இரவே பெல்ட்டை உருவும் தகப்பன்மார் இருக்கிறார்கள். ஆகவே, "இதை வேறு யாரிடம் சொல்லலாம்? யாரிடம் சொல்லக்கூடாது?" என்று பிள்ளையையே கேட்டு, அதன்படி நடக்கவேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

சட்டமும் இப்பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியுமுன் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது. உடலைத் தண்டிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. திருநர் உரிமைகளுக்காக 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் வேற்றுமையின்றிக் கல்வி அளிக்கவேண்டும் என்று வகுத்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

நாட்டுப்புறத்தில் இச்சிக்கல் இன்னும் இறுக்கமானது. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளி ஒவ்வாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். கிராமத்துப் பிள்ளைக்கு இருப்பது ஒரே உயர்நிலைப் பள்ளி, போய்வர ஒரே பேருந்து. வகுப்பில் கேலி செய்தவனே மாலையில் தண்ணீர்க் குழாயடியிலும் நிற்பான். அவனுடைய அப்பனும் இவனுடைய அப்பனும் ஒரே தேநீர்க் கடையில் உட்காருவார்கள். "உன் மகன் ஏன் அப்படி?" என்று அங்கே ஒருவர் கேட்கும் கேள்வி, வீட்டில் அடியாக வந்து விழுகிறது. தகப்பனின் கோபத்தில் பாதி பிள்ளைமேல் எழுந்ததன்று. தேநீர்க் கடையில் தலைகுனிந்த வெட்கம் அது. அக்காளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

இவர்கள் நகரத்து மனிதர்கள், நம் ஊரில் அப்படி யாரும் இல்லை என்று சொல்வோர் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கவேண்டும். ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்களிலும் சேராமல் பிறர் என்று அன்று பதியப்பட்டவர் இந்தியா முழுவதும் 4,87,803 பேர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறங்களில் இருந்தார்கள். எழுத்தறிவு நாட்டில் 74 சதவீதமாக இருந்தபோது, இவர்களிடையே ஏறத்தாழ 56 சதவீதமே. தம்மை அவ்வாறு பதிந்துகொள்ளத் துணிந்தவர் கணக்கு மட்டுமே இது. தன்பாலீர்ப்பு உடையோரை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணியதில்லை.

பள்ளியை விட்ட பிள்ளை ஊரில் நெடுநாள் தங்குவதில்லை. ஒருநாள் விடியலில் பேருந்தேறிவிடுகிறது. பதினைந்து வயதில், பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் ஒரு பெருநகரத்தில் இறங்கும் பிள்ளைக்கு என்னென்ன கதவுகள் திறந்திருக்கும்? இரயில் பெட்டிகளில் கைதட்டிக் காசு கேட்போரைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அவர்களுள் பலர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயராக இருந்தவர்கள். அப்பெயரின்மேல் சிவப்பு மையால் கோடிழுத்த நாளையே நான் கேட்கிறேன். அன்று வகுப்பாசிரியரோ, பங்குத்தந்தையோ, பாட்டியோ, எவரேனும் ஒருவர் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாரா?

படிப்பும் தொழிலும் கிடைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் நாடு கண்டிருக்கிறது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர். தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிரித்திகா யாஷினி காவல்துறைத் தேர்வில் பங்குபெறவே உயர்நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. 2015-இல் நீதி கிடைத்து, 2017-இல் உதவி ஆய்வாளரானார். இவர்களைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விருது வாங்கினால்தான் வீட்டில் சோறு என்று எந்தப் பிள்ளைக்கும் நிபந்தனை விதிக்கமுடியாது. சுமாராகப் படித்து, சுமாரான வேலைக்குப் போகும் உரிமை நம் மற்றப் பிள்ளைகளுக்கு உண்டென்றால் இவர்களுக்கும் உண்டு.

இப்போது, மாற்றுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். மந்திரிப்பது, பூட்டிவைப்பது, ஊசி போடுவது, மின்னதிர்ச்சி கொடுப்பது என்று எத்தனையோ வழிகளை உலகம் முயன்று பார்த்துவிட்டது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இலும் நீக்கிவிட்டன. இது நோயன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் தெளிவாக அறிவித்தது. நோயல்லாததற்கு மருந்து கிடையாது. மருந்தென்று சொல்லிப் பணம் பறிப்போர்க்கும் இப்போது தடை வந்துவிட்டது. அத்தடை வந்த வரலாறு நம் ஊர்களிலிருந்தே தொடங்கியது.

மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டாருக்கு அஞ்சிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காவல்துறையில் முறையிட்டனர். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் சென்றனர். வழக்கு 2021-இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பிப் பேசச் செய்தார். பிறகு, இப்பொருள் பற்றித் தமக்கே போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் தாமே சென்று அமர்ந்து பாடம் கேட்டார். உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாணவராய் அமர்ந்த செய்தியைத் தந்தையர் சிந்திக்கவேண்டும். நாற்பது வயதில் நமக்கெல்லாம் தெரியும் என்ற உறுதியோடுதானே நாம் கையை ஓங்குகிறோம்!

அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள் அவர் வழங்கிய ஆணையில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடுக்கப் பணித்தார். பள்ளி, கல்லூரிகளுக்கும் வழிமுறைகள் கூறினார். எப்பாலார்க்கும் பொதுவான கழிப்பறை, திருநர் மாணவர் தம் சான்றிதழ்களில் பெயரையும் பாலையும் மாற்றிக்கொள்ள வழி, மாணவர் குறை கேட்க இப்பொருள் அறிந்த ஆலோசகர் ஆகியவை அவற்றுள் சில. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய மாற்று சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடாகும் என்று அறிவித்தது. இடைப்பால் உடலோடு பிறக்கும் சிசுக்களை அறுத்துத் திருத்தும் அறுவை மருத்துவத்தைத் தமிழ்நாட்டு அரசு 2019-இலேயே, உயிராபத்து உள்ள நிலை தவிர, தடை செய்தது. ஆணைகள் வந்துவிட்டன. எத்தனை கிராமப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறைக்கு அவை சென்று சேர்ந்தன என்பதை அந்தந்த ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் கேட்டறியலாம்.

திருச்சபையின் ஒழுக்க போதனையை முன்னிறுத்திச் சிலர் என்னிடம் வாதிடக்கூடும். மணவாழ்வு பற்றிய அப்போதனை இருக்கிறபடியே இருக்கிறது. ஆனால் வகுப்பில் அடிவாங்கும் சிறுவனைப் பற்றிய கேள்வி அதுவன்று. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடே, தன்பாலீர்ப்பு உடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும் என்றும், அநியாயமான வேற்றுமை பாராட்டுதல் எவ்வகையிலும் கூடாதென்றும் கூறுகிறது. அதற்கு முன்பே 1986-இல் உரோமையிலிருந்து ஆயர்களுக்கு வந்த மடல், இவர்களைச் சொல்லாலும் செயலாலும் துன்புறுத்துவதைக் கண்டித்திருக்கிறது. 1997-இல் அமெரிக்க ஆயர் பேரவையின் குடும்பநலக் குழு பெற்றோருக்கென்றே ஒரு மடல் விடுத்தது. பிள்ளையைக் கைவிடாதீர், உறவை முறிக்காதீர் என்பதே அதன் சாரம். அண்டை மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சியையும் சொல்லலாம். படிப்பை இடையில் விட்ட திருநர்களுக்கென்று 2016 டிசம்பரில் கொச்சியில் ஒரு கல்வி இல்லம் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் பலர் இடம் தர மறுத்துவிட்டனர். கார்மேல் அன்னை சபைக் கன்னியரே தம் கட்டடத்தைத் திறந்துவிட்டனர்.

தந்தைமாருக்குத் தனியே ஒரு சொல். பிள்ளை ஒருநாள் உங்கள் முன் வந்து நின்று தன் மனத்தைத் திறந்தால், அந்தக் கணத்தில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அவன் முதுமையிலும் மறக்கமாட்டான். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "சாப்பிட்டாயா? நாளைக்குப் பேசுவோம்" என்று சொன்னாலும் போதும். அது பொய்யுமன்று, ஒப்புதலுமன்று. வீட்டுக் கதவு மூடவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிடும். புரிந்துகொள்ள உங்களுக்கு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை சோறும் பாயும் பள்ளிக் கட்டணமும் நிற்காமல் நடக்கட்டும். தேநீர்க் கடையில் கேட்பவனுக்கு, "என் பிள்ளை படிக்கிறான்" என்பதே விடை.

இறுதியாகத் தாய்மார்கள் கவனிக்கவேண்டியது. பிள்ளை உணவை வெறுத்தால், உறங்காமல் விழித்திருந்தால், விரும்பி வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று ஒருமுறை சொன்னாலும், அதைப் பேச்சாக விட்டுவிடவேண்டாம். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அருகில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். அவ்வாறு கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாய்த் தோன்றிவிடாது என்பது மருத்துவர் கண்டது; மனச்சுமை இறங்கவே அது வழிசெய்யும். உழவர் வீடாயின் பூச்சிமருந்து டப்பாக்களை அன்றே வீட்டைவிட்டு அகற்றிப் பூட்டுங்கள். மனநல உதவிக்கு அரசின் 14416 என்ற எண்ணும், பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்தால் 1098 என்ற எண்ணும் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். பள்ளி தொடர்பான முறையீட்டுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் உண்டு. இம்மூன்றையும் தலைமையாசிரியர்கள் எல்லா வகுப்பறைக் கதவுகளின் உட்புறத்திலும் எழுதி ஒட்டலாம். எல்லாருக்கும் பொதுவாக ஒட்டியிருந்தால், யார் பார்த்துக் குறித்துக்கொண்டார் என்பது ஒருவருக்கும் தெரியாது.